கேட்போர் என்னும் உறுப்பு: போகிமான் அசைபடத் தொடரும் இரசிகர் உரையும்

முன்னுரை

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய உறுப்புகளாக 34 கூறுகளைத் தொகுத்துரைக்கிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர் முதலியவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், மாட்டு ஆகியனவும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றன. இவற்றுள் ‘கேட்போர்’ என்பது செய்யுளின் அகத்தே நின்று கேட்கும் மாந்தரையே முதன்மையாகக் குறிக்கும். தலைவி கூறத் தோழி கேட்பதும், தோழி கூறச் செவிலி கேட்பதும் இதற்கு எடுத்துக்காட்டுகளாம். செய்யுளுக்குப் புறத்தே நிற்கும் சுவைஞரை இவ்வுறுப்பினுள் அடக்குதல் இலக்கண நெறிக்கு முழுதும் பொருந்துவதன்று. ஆயினும், கேட்பவர் இன்றிக் கூற்று நிறைவுறாது என்னும் கருத்தினை ஒரு நீள்தொடர்க் கதைக்கு விரித்துப் பார்க்கும் முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது.

எடுத்துக்கொண்ட தொடர் ஜப்பானின் போகிமான் அசைபடம். 1997 ஏப்ரல் 1 அன்று டி.வி. டோக்கியோவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய இத்தொடரின் நாயகன் சதோஷி. இந்தியத் தொலைக்காட்சிகளில் ஆஷ் என்னும் பெயரால் அறிமுகமானவன். பத்து வயதுச் சிறுவனாகிய அவன் பிகாச்சு என்னும் சிற்றுயிரோடு ஊர் ஊராகச் சென்று விந்தை உயிர்களைப் பிடித்துப் பழக்கிப் போட்டிகளில் மோதச் செய்கிறான். 2023 மார்ச் 24 அன்று அவன் கதை முடிந்தபோதும் அவனுக்கு வயது பத்தே. இடையில் கழிந்த ஏறத்தாழ 26 ஆண்டுகள் அவன்மேல் படியவில்லை. அவை படிந்தது கண்டோர்மேல் மட்டுமே.

சிறார்க்கான ஒரு தொலைக்காட்சித் தொடரைத் தமிழாய்விதழில் எடுத்துப் பேசுதல் தகுமா என வினவுவோர் இருக்கலாம். இரசிகர் குறித்த மேலைநாட்டு ஆய்வுகள் பல உள்ளன. ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட நூல், இரசிகரைப் பிறர் நிலத்தில் புகுந்து வேட்டையாடுவோராக உருவகித்தது. அவ்வுருவகத்தில் அன்பு உண்டெனினும் நிலம் பிறருடையது என்னும் ஒப்புதலும் உண்டு. நம் உரைமரபோ வேறொரு படிமத்தைத் தருகிறது. சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும்போது தொல்காப்பியர் நிலத்தில் அவர் அத்துமீறுவதாக யாரும் கருதியதில்லை. மூலத்தின்பால் கடப்பாடு உடையவராகவே அவர் மதிக்கப்பெறுகிறார். ஒரு புதிய அத்தியாயம் ஒளிபரப்பான இரவில் அதனைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பொருள் உரைத்து, பிறர் கூறிய பொருளை மறுத்து, பழைய அத்தியாயங்களை மேற்கோளாகக் காட்டி வாதிடும் இரசிகர் எந்தப் படிமத்துக்கு உரியவர் என்பதே இங்கு எழும் வினா. உரையாசிரியர்க்கே அவர் நெருங்கியவர் என்பது கட்டுரையாளர் துணிபு. அவ்வாறு கொள்ளின், உரையாசிரியர்பால் நாம் காணும் குற்றங்களையும் அவர்பால் காண வேண்டும்.

தலைப்பும் தொகையும்

இத்தொடரின் வரலாற்றில் மிகுந்த பூசலை விளைவித்த அத்தியாயம் 2016 ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை ஒளிபரப்பானது. கலோஸ் நாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் சதோஷி அலன் என்பானோடு மோதித் தோற்ற அத்தியாயம் அது. அதற்கு முன்னும் சதோஷி பல நாட்டுப் போட்டிகளில் தோற்றவனே. முதல் தொடரில், அவனது லிசார்டன் சொற்கேளாமல் களத்தில் படுத்துவிட்டதால் தோற்றான். அத்தோல்விகள் எவையும் இத்தகைய எதிர்வினையைத் தூண்டவில்லை. இதற்கு மட்டும் ஏன் இத்துணைக் கொதிப்பு என்பதற்கு முதற்காரணம் அத்தியாயத்தின் தலைப்பில் உள்ளது.

ஜப்பானிய மூலத்தில் அத்தலைப்பைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘கலோஸ் லீக் வாகை! சதோஷி உச்சப்போர்!!’ என அமையும். ஒளிபரப்புக்கு முன்னரே இத்தலைப்பு இரசிகரிடையே பரவியிருந்தது. இரண்டும் தொகைகள். வாகை யாருடையது என்று தலைப்பு கூறவில்லை; அடுத்து நிற்கும் ‘சதோஷி’ என்னும் பெயரோ போரோடு மட்டுமே தொகுகிறது. ஆனால் வாகை என்னும் சொல்லை அடுத்தே நாயகன் பெயரைக் காணும் எவரும் இரண்டினையும் இயைத்தே படிப்பர். தொகைச்சொற்கள் இரண்டு முதல் ஏழு வரையான பொருளில் மயங்கும் என நன்னூலார் வரையறுப்பார். இங்கு மயக்கம் இரண்டே: வாகை சதோஷியுடையது, அல்லது வாகை சூடப்போவார் யார் என்பதே போரின் பொருள். ஒளிபரப்புக்கு முன் பெரும்பான்மையோர் முதற்பொருளைக் கொண்டனர். பிற மொழிகளில் பெயர்த்தோரும் சொற்களை அவ்வாறே அடுக்கி வைத்தமையால் மயக்கம் நாடு கடந்தும் குலையாமல் சென்றது.

அத்தியாயம் முடிந்தபின் இத்தலைப்பு ஏமாற்று என ஒரு சாரார் குற்றம் சாட்டினர். தலைப்பில் பொய் ஏதுமில்லை, படித்தவர் அவசரப்பட்டனர் என்பது மறுசாரார் வாதம். இலக்கண அளவில் மறுசாரார் கூற்று செல்லும். ஆனால் சொல்லுவோன் குறிப்பு என ஒன்று உண்டு. மயங்கும் தொகையை விற்பனை நோக்கில் ஆள்வோர் அது எப்பக்கம் மயங்கும் என அறிந்தே ஆள்கின்றனர். வாய்மை பேணுவதாகக் காட்டிக்கொண்டு நம்பிக்கையை விதைப்பது கதைஞனுக்கு இயல்பான தந்திரமே. ஆயினும் அவ்வாறு விதைத்தபின், நம்பியவரை நோக்கி ‘நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்பது நேர்மையான விடையாகாது.

போரின் விளைவு குறித்தும் நுட்பமான வழக்காடல் நிகழ்ந்தது. சதோஷியின் கெக்கோகா (ஆங்கில வழக்கில் கிரெனிஞ்சா) நீர்வகை உயிர். அலனின் லிசார்டன் தீவகை. நீர் தீயை வெல்ல வேண்டுமன்றோ என்பது முதல் தடை. அதற்கு விடை: லிசார்டன் மெகா வடிவம் எய்துங்கால் தீயும் டிராகனும் கலந்த வகையாகிறது, நீர்த்தாக்கு தீயின்மேல் இருமடங்கும் டிராகன்மேல் பாதியுமாகப் பட, இரண்டும் சேர்ந்து இயல்பளவே எஞ்சும். ஆகவே கெக்கோகாவுக்கு வகையால் மிகை ஏதுமில்லை. விளையாட்டின் விதிகளை அறிந்த பதின்வயதினர் இதனை ஒரே வரியில் நிறுவிவிடுவர். தடையும் விடையுமாகச் செல்லும் இம்முறையை எங்கே கற்றனர் என வியக்கத் தோன்றுகிறது. இவ்விடை தோல்வி இயலக்கூடியது என்று நிறுவுகிறதேயன்றி, கதைக்கு அது பொருந்துவது என்று நிறுவவில்லை. விதியறிவு மிக்க இரசிகர் பலர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறினர்.

வெகுளியா, அழுகையா

அவ்விரவில் எழுந்த உணர்ச்சியை வெகுளி என்றே பலரும் குறித்தனர். மெய்ப்பாட்டியல் வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை எனும் நான்கினைக் களனாகக் கூறும். இவற்றுள் எதனோடும் இவ்வுணர்ச்சி ஒட்டவில்லை. அழுகைக்குரிய நான்காகிய இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பனவற்றை நோக்கின் விடை கிட்டும். இழவு என்பது உடையதை இழத்தல். இளிவு என்பது பிறரால் எளிமைப்படுத்தப்படுதல். கோப்பையை இழந்தவன் சதோஷி. எளிமைப்படுத்தப்பட்டதாக உணர்ந்தவர் இரசிகர். சினமாகத் தோன்றியது உண்மையில் இளிவின்பாற்பட்ட அழுகையே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இதற்குப் பனுவலிலேயே சான்று உண்டு. அதே கலோஸ் தொடரில், இறுதிப் போட்டிக்கு முன்னர், உருப் என்னும் பயிற்சிக்கூடத் தலைவனிடம் சதோஷி தோற்கிறான். அப்போது அவன் பனிபடர்ந்த காட்டினுள் தனியே சென்று மனமொடிந்து திரிகிறான். தேடிவரும் செரேனா அவன்மேல் பனியுருண்டைகளை வீசி, இவன் தான் அறிந்த சதோஷி அல்லன் எனக் கடிகிறாள். ஓர் எளிய தோல்விக்கு அத்தொடர் அளித்த இடம் அது. பத்து வயதுச் சிறுவனின் துயரை இத்துணைப் பொறுமையோடு காட்டிய பகுதி 26 ஆண்டுத் தொடரிலேயே அரிது எனலாம். அத்தகைய கதை, வாழ்நாள் நோக்கமாகிய இறுதிப் போட்டியில் அவன் தோற்றபோது, துயருக்குச் சிறிதும் இடம் தரவில்லை. அவன் வென்றவனை வாழ்த்துகிறான். அடுத்த வாரமே ஃபிளேர் கும்பல் நகரத்தைத் தாக்குகிறது. கதை அப்பக்கம் விரைந்துவிடுகிறது.

அலனின் வெற்றி கதைக்குத் தேவையானதே என்று வாதிட்டவர் உளர். அவர் கூற்றிலும் வலிமை உண்டு. அலன் அறியாமலே ஃபிளேர் தலைவனுக்குக் கருவியாகப் பயன்பட்டவன். வெற்றி மேடையிலிருந்து இறங்கிய உடனே, தான் திரட்டிய ஆற்றலே நகரின் அழிவுக்கு உதவியது என அறிகிறான். வாகை சூடியவனுக்கு அவ்வாகையே பழியாக மாறும் இவ்வமைப்பு நல்ல துன்பியல் அமைப்பு. ஆனால் அது அலனுடைய கதை. அவன் கதை சிறக்கச் சதோஷியின் கதை விலையாகக் கொடுக்கப்பட்டது. தோல்வியன்று, தோல்வியின்மேல் படிந்த மௌனமே குறை. அன்றிரவு இரசிகர் செய்தது, பனுவல் தர மறுத்த அழுகையைத் தாமே நிகழ்த்தியது. அவருள் பலர் நாயகன் வெல்லவே வேண்டும் எனச் சிறுபிள்ளைத்தனமாக வற்புறுத்தினர் என்பதும் உண்மை. உரையாசிரியர் அனைவரும் ஒரே தரத்தினர் அல்லர்.

2019 செப்டம்பர் 15 அன்று அலோலா நாட்டுப் போட்டியில் சதோஷி முதன்முறையாக வாகை சூடினான். விரும்பிய எவரும் கலந்துகொள்ளலாம் என்ற விதியில் நடந்த போட்டி அது. ஆதலின் அதனைச் சிறிய வெற்றி எனக் குறைத்துப் பேசியோரும் உளர்.

மாட்டு

தொலைவில் கிடக்கும் பொருளையும் அணித்தே கிடக்கும் பொருளையும் கொண்டுவந்து இயைத்துப் பொருள் முடித்தலைத் தொல்காப்பியம் மாட்டு என்னும் உறுப்பாகக் கொள்ளும். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டு உரையில் இதனை மிகுதியாக ஆண்டார். மறைமலையடிகள் 1903இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில், பாட்டின் இயல்பான ஓட்டத்தை இம்முறை சிதைப்பதை எதிர்த்தார். உரைமரபின் நிறையும் குறையும் இவ்வோருறுப்பில் அடங்கிக் கிடக்கின்றன என்றால் மிகையாகாது. இரசிகர் உரையின் நிறையும் குறையும் இதனுள்ளேயே உள்ளன.

முதல் அத்தியாயத்தின் முடிவில், புயல் ஓய்ந்தபின், வானவில்லின் பக்கமாகப் பொன்னிறப் பறவை ஒன்று பறந்து செல்கிறது. சதோஷியின் கையிலுள்ள தகவற்கருவி அதனைப் பற்றி ஏதும் அறியவில்லை. 1997இல் கண்டோரும் அறியார். 1999 நவம்பரில் வெளிவந்த அடுத்த தலைமுறை விளையாட்டில்தான் அப்பறவைக்கு ஹோ-ஓ என்னும் பெயரும் இடமும் கிடைத்தன. அன்றுமுதல் ஒவ்வொரு புதிய அத்தியாயத்தையும் அப்பறவையோடு மாட்டிப் பொருள் காண்பது இரசிகரின் வழக்கமாயிற்று. இது நல்ல மாட்டு. பனுவலே விட்டுச்சென்ற எச்சத்தை அது பற்றிச் செல்கிறது.

மிகைப்பட்ட மாட்டுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. முதல் அத்தியாயத்தில் பிகாச்சுவின் மின்னல் தாக்கியபோதே சதோஷி நினைவிழந்துவிட்டான். பின்வரும் அத்தியாயங்கள் யாவும் மயக்கத்தில் அவன் காணும் கனவு என்று ஒரு விளக்கம் இரசிகரிடையே நெடுநாள் வழங்கி வருகிறது. அவன் ஏன் மூப்படையவில்லை என்னும் வினாவுக்கு இது விடை தருகிறது. ஆனால் அவ்விடை எல்லா அத்தியாயங்களையும் ஒரே பொருளுக்கு அடிமையாக்குகிறது. எந்தத் தோல்வியும் தோல்வியன்று, எந்தப் பிரிவும் பிரிவன்று என்றாகிவிடுகிறது. அனைத்தையும் விளக்கும் உரை எதனையும் விளக்காது. நச்சினார்க்கினியரை மறுத்த அதே காரணத்தால் இதனையும் மறுக்கலாம்.

இவ்விளக்கம் ஒரு மெய்யான இடைவெளியைத் தொட்டு நிற்பது என்பதை மட்டும் ஒதுக்க இயலாது. தொடரின் தொடக்க ஆண்டுகளில் முதன்மைக் கதையாசிரியராய் விளங்கிய தாகேஷி ஷுதோ 2010இல் மறைந்தார். தாம் எண்ணியிருந்த முடிவைப் பற்றி அவர் ஒரு தொடர்கட்டுரையில் எழுதியுள்ளார். முதியவனாகிவிட்ட சதோஷி தன் பழைய பயணங்களை நினைந்து பார்ப்பதாக அம்முடிவு அமைந்திருந்தது. தொடரை உருவாக்கியவருள் ஒருவரே அதற்கு மூப்பைக் கொடுக்க எண்ணினார். வணிகத்துக்கு மூப்பு உதவாது. தொடர் அதனை ஏற்கவில்லை. நாயகனுக்கு மறுக்கப்பட்ட மூப்பு கண்டோரிடம் சென்று தங்கியது. 1997இல் பத்து வயதினராய் இருந்தோர் 2022இல் முப்பத்தைந்தை எட்டியிருந்தனர்.

2022 நவம்பர் 11 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில் சதோஷி உலகப் பெரும்போட்டியில் தாந்தேயை வென்றான். டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பில் பெருந்திரைகளில் அவன் வாகை காட்டப்பட்டது. 2016இன் தலைப்போடு இவ்வத்தியாயத்தின் தலைப்பை ஒப்பிடுதல் தகும். ‘இறுதிப்போர் நான்கு: துணைவன்’ என்பதே அது. வாகை என்னும் சொல் இல்லை, நாயகன் பெயரும் இல்லை. மயக்கத்துக்கு இடமே இல்லாத தலைப்பு. இறுதியில் பிகாச்சு தளர்ந்து விழும் நிலையில், சதோஷியோடு முன்னர்ப் பயணம் செய்த உயிர்கள் யாவும் அதன் மனக்கண்முன் தோன்றி ஊக்குகின்றன. இரசிகர் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவந்த மாட்டினை அன்று தொடரே தன் அகத்தே நிகழ்த்திக் காட்டியது. கேட்போர் உண்மையாகவே உறுப்பாயினர்.

இவ்விடத்தே கட்டுரையாளர்க்கு ஓர் ஐயம் எழுகிறது. அவ்வுயிர்கள் முகங்களின் வரிசையாக வந்து நின்றனவேயன்றி, ஒவ்வொன்றும் சதோஷிக்கு யாதாய் இருந்தது என்பதைக் காட்சி கூறவில்லை. பழையவரைக் கண்ணீர் மல்கச் செய்த அதே முகங்கள் அன்று பத்து வயதினனாய் இருந்த ஒரு சிறுவனுக்கு அறிமுகமில்லாக் கூட்டமே. காட்சியின் பொருள் படத்தில் இல்லை. கேட்பவரின் நினைவில் மட்டுமே உள்ளது. அவ்வாறாயின் கேட்போர் இருவகையாகப் பிரிகின்றனர். ஒரு வகையினர்க்குக் கொடுப்பதற்காக மற்றவரிடமிருந்து எடுக்கப்படுகிறது. 2016இன் அத்தியாயம் பழைய இரசிகரைப் புண்படுத்தியது எனினும், அதனைப் புரிந்துகொள்ள முன்னறிவு ஏதும் வேண்டியதில்லை. அமைப்பளவில் அதுவே மேம்பட்ட அத்தியாயம் என்று கூறினால் இரசிகர் பலர் ஒப்பார். 2022 டிசம்பர் 16 அன்று சதோஷியின் கதை முடிவுக்கு வருவதாக அறிவிக்கப்பட்டபோது, அவர்களுக்குள்ளேயே இப்பிளவு வெளிப்பட்டது. தம் குழந்தைமையே பறிக்கப்படுவதாக அரற்றினோர் ஒருபுறம். இனிவரும் சிறுவர்க்கு அவர்க்கே உரிய ஒருவன் வேண்டும், நாம் விலகவேண்டும் என்றோர் மறுபுறம். பின்னவர் கூற்றினைக் கட்டுரையாளர் பெரிதும் மதிக்கிறார். மூலத்தைத் தனதெனக் கொண்டாடும் உரையாசிரியனும் அதனைக் கற்கவரும் அடுத்த மாணாக்கனுக்காகவே எழுதுகிறான்.

பறவையின் வரவு

2023 ஜனவரி 13 முதல் மார்ச் 24 வரை 11 அத்தியாயங்கள் கொண்ட நிறைவுப் பகுதி ஒளிபரப்பாயிற்று. உலக வாகையனான பின்னும் சதோஷி ‘போகிமான் மாஸ்டர்’ ஆகிவிட்டானா என்னும் வினா அதில் மீண்டும் மீண்டும் எழுகிறது. உலகின் எல்லா உயிர்களோடும் நட்புக் கொள்வதே அது என்பது போல இறுதியில் விடை கூறுகிறான். போட்டியில் வெல்லுதலே இலக்கு என நம்பி 2016இல் அழுதோர்க்கு இவ்விடை ஆறுதலா, மறுப்பா என்பதில் இரசிகரிடை ஒருமைப்பாடு இல்லை. அவனது முதல் தோல்விகளையே பொருளுடையனவாக்கும் விடை எனச் சிலர் கொண்டனர். அவ்வாறாயின் இத்தனை ஆண்டுகள் போட்டிகள் எதற்கு எனச் சிலர் கேட்டனர். பின்னதே கூரிய வினா.

இறுதி அத்தியாயத்தில் பிஜோட் என்னும் பறவை மீண்டும் வந்து சேர்கிறது. முதல் தொடரில், காட்டிலுள்ள தன்னினச் சிறு பறவைகளைக் காக்கும்பொருட்டு அதனை விட்டுச்சென்ற சதோஷி, விரைவில் மீண்டு வருவதாக வாக்களித்திருந்தான். தொடர் அவ்வாக்கினை மறந்தது. நாடு நாடாகச் சென்ற நாயகன் அவ்வழி திரும்பவில்லை. இரசிகர் மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கணக்கை வைத்திருந்தனர். ஒவ்வொரு புதிய தொடரின் தொடக்கத்திலும் பிஜோட் எங்கே என்று கேட்டனர். அவ்வினா கேலியாகி, கேலி வழக்காறாகி, வழக்காறு ஒருவகைப் புலம்பலாகவும் ஆகியிருந்தது. கதைக்குள் இருப்பவர் எவரும் கேளாத ஒரு வினாவைப் புறத்தே நின்றோர் கேட்டுக்கொண்டிருந்தனர். கதையின் கடைசி நாளில் அதற்குச் செயலால் விடை வந்தது.

சிறகு விரித்து வரும் பறவையை அவன் தழுவிக்கொள்கிறான். ஏன் இத்துணைக் காலம் தாழ்த்தினான் என்பதற்குப் பனுவலில் காரணம் ஏதும் இல்லை. அவன் மறந்தான் என்போர் ஒரு சாரார். கதைக்குள் கழிந்தது ஓராண்டுகூட இல்லை, ஆகவே தாழ்த்தவே இல்லை என்போர் மறுசாரார். இரண்டுக்கும் இடம் தந்து எச்சமாக நிற்கிறது அக்காட்சி.